ஏட்டில் அடங்காத தாளம்

இசைக்கு மொழியில்லை என்று நாம் மேடைதோறும் சொல்லி வருகிறோம். கேட்பதற்கு இனிய அக்கருத்து முழு உண்மையன்று என்பதை ஆறு துளைகள் கொண்ட ஒரு தகரக் குழல் எனக்குக் கற்பித்தது. அயர்லாந்து நாட்டில் ‘ஜிக்’ என்று வழங்கும் நடன மெட்டுகளை அக்குழலில் வாசிக்க வேண்டும் என்னும் ஆசை எனக்கு எப்படித் தோன்றிற்று என்பது இக்கட்டுரைக்கு வேண்டாத செய்தி. பழைய மெட்டுத் தொகுப்பு நூல் ஒன்று கைக்குக் கிடைத்தது. மேனாட்டு இசைக்குறியீட்டை எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கு முன்பே சிறிது பயின்றிருந்தேன். குழலின் விலையும் குறைவு. மூன்று திங்கள் மாலைதோறும் முயன்று ஒரு மெட்டைப் பிழையறக் கற்றேன். ஒரு சுரமும் தவறவில்லை. ஒரு மாத்திரையும் குறையவில்லை. அதன்பின் அதே மெட்டை அந்நாட்டுக் கலைஞர் ஒருவர் வாசித்த ஒலிப்பதிவைக் கேட்க நேர்ந்தது. இரண்டும் ஒரே மெட்டு என்று நம்புவதற்கே எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அவர் வாசிப்பில் ஆடும் கால்கள் தெரிந்தன. என் வாசிப்போ, முன்னாளில் அலுவலகக் கூடங்களில் பொழுதெல்லாம் ஒலித்த தட்டச்சுப் பொறியின் ஓசையாக இருந்தது.

ஏட்டில் இருந்தவை அனைத்தையும் வாசித்துவிட்டேன்; ஆயினும் மெட்டு வரவில்லை. அங்ஙனமாயின் ஏட்டில் எழுதப்படாமல் விடப்பட்டது யாது? இந்த ஒரு வினாவைப் பிடித்துக்கொண்டு சென்றபோது, ஒரு சிறிய நாட்டின் இருநூற்றைம்பது ஆண்டு வரலாறு என் முன் விரிந்தது.

முதற்கண் மெட்டின் அமைப்பைச் சொல்லிவிடுதல் நன்று. ‘ஜிக்’ என்னும் சொல் ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டு முதலே காணப்படுகிறது. அதன் வேர் எது என்பதில் அறிஞர்கள் ஒருமுடிபுக்கு வந்திலர். பாக் என்னும் ஜெர்மானிய இசைமேதை தம் நடனக் கோவைகளின் இறுதியில் வைத்த ‘ஜீக்’ என்பதும் இதற்கு உறவான பெயரே. ஐரிஷ் மொழியில் இதனைப் ‘போர்ட்’ என்பர். ‘மெட்டு’ என்பதே அச்சொல்லின் பொதுப்பொருள். பொதுப்பெயரையே சிறப்புப் பெயராகப் பெறும் பெருமை எல்லா வகைக்கும் கிட்டுவதில்லை.

இதன் தாளத்தை மேனாட்டார் ‘எட்டில் ஆறு’ என்று குறிப்பர். அதாவது, அரைக்கால் அளவுள்ள ஆறு சுரங்கள் மும்மூன்றாகப் பிரிந்து இரண்டு அடிகளில் நிற்கும். மிருதங்கச் சொல்லில் ‘தகிட தகிட’ எனலாம். திச்ர நடை என்று நம் இசைவாணர் உடனே சொல்லிவிடுவர். எனக்கோ நம் வண்ணப் பாடல்களின் சந்தக் குழிப்பே இன்னும் பொருத்தமாகத் தோன்றுகிறது. மூன்று குறில்களாக ஓடும் ‘தனன தனன’ என்பது இரட்டை ஜிக். நெடிலும் குறிலுமாக நடக்கும் ‘தான தான’ என்பது ஒற்றை ஜிக். இரண்டிற்கும் மாத்திரைக் கணக்கு மூன்றே, நடை வேறு. அருணகிரியார் திருப்புகழில் தோய்ந்த செவிக்கு இவ்வேறுபாட்டை விளக்கவும் வேண்டுமோ?

மூன்றாவதாக ‘சிலிப் ஜிக்’ என்று ஒன்றுண்டு. அதில் ஆவர்த்தத்திற்கு ஒன்பது சுரங்கள். ஒன்பது என்றவுடன் நம்மவர் சங்கீர்ணம் என்று எண்ணிவிடக் கூடும். நானும் அப்படித்தான் எண்ணி ஏமாந்தேன். சங்கீர்ணம் நான்கும் ஐந்துமாகப் பிரிவது. சிலிப் ஜிக்கோ மூன்று அடிகளில் மும்மூன்றாக நிற்பது. ‘தனன தனன தனன’ என்றோ, இடையிடையே ‘தான’ கலந்தோ வரும். எண் ஒன்றாயினும் நடை வேறாதலுக்கு இதனினும் நல்ல சான்று இல்லை. தென்மேற்கே கெர்ரி, கார்க் மாவட்டங்களில் பன்னிரண்டு சுரங்கள் கொண்ட ‘சிலைடு’ என்னும் வகையும் வழங்குகிறது; அது வேகமானது, தரையோடு வழுக்கிச் செல்வது போன்றது.

மெட்டின் உருவம் மிகவும் சிக்கனமானது. எட்டு ஆவர்த்தங்கள் கொண்ட முதற்பகுதியை இருமுறை வாசிப்பர். பின் எட்டு ஆவர்த்தங்கள் கொண்ட இரண்டாம் பகுதியை இருமுறை வாசிப்பர். ஆக, முப்பத்திரண்டு ஆவர்த்தங்கள்; இரட்டை ஜிக்காயின் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு சுரங்கள். ஆடும் வேகத்தில் வாசித்தால் அரை நிமிடத்திற்குச் சற்று மேல் ஆகும். பெரும்பான்மை மெட்டுகள் நம் சங்கராபரணம், கரகரப்பிரியா, அரிகாம்போதி, நடபைரவி ஆகியவற்றின் சுரநிலைகளில் அடங்கிவிடும். இவ்வளவே உடல். உயிர் எங்கே இருக்கிறது?

அந்நாட்டு ஆசிரியர்கள் மாணவர்க்கு இரட்டை ஜிக்கின் அடியைப் பதிய வைக்க ‘ரேஷர்ஸ் அண்டு சாசேஜஸ்’ என்று சொல்லித் தருவர். இரண்டும் அவர்தம் காலையுணவில் இடம்பெறும் இறைச்சி வகைகளின் பெயர்கள். சொன்னால் மூன்றும் மூன்றுமாக அசைகள் விழும். இதைப் படித்தபோது என்னையறியாமல் சிரித்துவிட்டேன். தேமா, புளிமா என்று மாமர நிழலில் நின்றன்றோ நம் முன்னோர் யாப்பு கற்பித்தனர்! உண்பனவற்றைக் கொண்டு ஓசையைக் கற்பிக்கும் வழக்கம் உலகத்திற்குப் பொது போலும்.

ஆனால் அந்த உணவுப் பெயர்களை ஐரிஷ்காரர் ஒருவர் வாயால் கேட்டால் ஒன்று விளங்கும். மூன்று அசைகளும் சமமல்ல. முதல் அசை சற்று நீள்கிறது, இரண்டாவது சுருங்குகிறது, மூன்றாவது அடுத்த அடியை நோக்கிச் சாய்கிறது. எவ்வளவு நீளல், எவ்வளவு சுருங்கல் என்று அளந்து சொல்ல இயலாது. மிகுந்தால் நொண்டும், குறைந்தால் தட்டச்சுப் பொறியாகும். வடக்கே டோனகால் வயலின் வாசிப்பில் சுரங்கள் தனித்தனியே வெட்டினாற்போல் விழும். ஸ்லைகோ மாவட்டத்து வாசிப்பில் அவை ஒன்றோடொன்று இழைந்து ஓடும். கிளேர் மாவட்டத்தில் வேகம் தணிந்து, சாய்வு மிகும். ஏட்டிலோ மூன்று மாவட்டத்து மெட்டுக்கும் ஆறு சமமான சுரங்களே அச்சிடப்பட்டுள்ளன.

தமிழ் கற்றார்க்கு இது புதிய செய்தியன்று. ‘நாடு’ என்று எழுதுகிறோம். ஈற்றிலுள்ள உகரத்தை முழுமையாக ஒலிக்கிறோமா? அது குற்றியலுகரம், ஒரு மாத்திரைக்குரிய எழுத்து அரை மாத்திரையாய்க் குறுகி ஒலிக்கிறது. பண்டு அதற்குப் புள்ளியிட்டுக் காட்டும் முறை இருந்தது. இன்று எழுத்தில் எந்த அடையாளமும் இல்லை. ஆயினும் தமிழ்த் தாயிடம் பேசக் கற்ற குழந்தை அதைத் தவறாக ஒலிப்பதில்லை. புத்தகத்தில் மட்டும் தமிழ் கற்ற வெளிநாட்டார் ‘நாடூ’ என்று நீட்டி நம்மைச் சிரிக்க வைப்பர். மூன்று திங்களாக நான் ஜிக் வாசித்தது அந்த வெளிநாட்டார் தமிழ் பேசியது போன்றதே!

இந்தக் குறுக்கத்தையும் நீட்சியையும் ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு எங்ஙனம் கொடுத்தது என்பதே நாம் காண வேண்டிய வரலாறு. 1776 முதல் 1779 வரை அயர்லாந்தில் பயணம் செய்து, 1780இல் நூல் வெளியிட்ட ஆர்தர் யங் என்னும் ஆங்கிலேயர், ஏழைக் குடியானவர்களும் தம் பிள்ளைகளுக்கு நடனம் கற்பித்ததைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். நடன ஆசிரியர் ஒரு குழலூதியையோ பார்வையற்ற வயலின்காரரையோ உடன் அழைத்துக்கொண்டு குடிசை குடிசையாகச் செல்வாராம். மூன்று திங்களுக்கு ஆறு பென்னி ஊதியமாம். பார்வையற்றவர்க்கு ஏடு எதற்கு? அவர்தம் செவியே ஏடு.

இடம் வலம் அறியாத சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அவ்வாசிரியர்கள் கையாண்ட உத்தி சுவையானது. ஒரு காலில் வைக்கோற் பிரியையும் மறுகாலில் வளாரையும் கட்டிவிடுவர். பின்னர், ‘வைக்கோலில் எழு, வளாரில் தாழ்’ என்ற முறையில் அடவு சொல்வர். ஆடுமிடமோ சமையலறையின் கற்பாவல் தளம். அல்லது கீலினின்று கழற்றித் தரையில் இட்ட கதவு. சில வீடுகளில் ஒலி நன்கு முழங்குவதற்காகத் தளக்கல்லின் கீழ்க் குதிரை மண்டையோட்டைப் புதைத்து வைத்ததாகவும் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். ஆக, ஜிக்கின் மூன்று சுரங்களைச் சமமில்லாமல் ஆக்கியது வாசிப்பவரின் விரல் மட்டுமன்று. எழுந்து தாழும் காலுக்கு வேண்டிய நேரத்தை மெட்டு விட்டுக்கொடுத்தது என்றே நான் கருதுகிறேன். கால் மேலே இருக்கும்போது சுரம் நீள்கிறது. இதை உணராமல் நாற்காலியில் அமர்ந்து ஏடு பார்த்து ஊதினால் என்ன வரும்?

இசைக்கருவி இல்லாத வீட்டிலும் ஆட்டம் நின்றதில்லை. வாயாலேயே ‘டிடில் டீ ஐடில்’ என்று பொருளற்ற அசைகளால் மெட்டைப் பாடுவர். நம் தத்தகாரம், கொன்னக்கோல் ஆகியவற்றை இது நினைவூட்டும். நீளலும் குறுகலும் முதலில் நாவில் பழகின. விரலுக்குப் பின்புதான் வந்தன.

இந்நிலையில்தான் பெரும் பஞ்சம் வந்தது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் புகுந்த நோய் ஏழைகளின் ஒரே உணவை அழித்தது. 1852க்குள் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மடிந்தனர். மற்றொரு பத்து இலட்சம் பேர் நாட்டை விட்டு வெளியேறினர். மடிந்தவர்களும் வெளியேறியவர்களும் பெரும்பாலும் ஏழைக் குடியானவர்கள். அதாவது, ஆடியவர்களும் வாசித்தவர்களும். 1855இல் தம் மெட்டுத் தொகுப்பை வெளியிட்ட ஜார்ஜ் பெட்ரி, பஞ்சத்திற்குப் பின் நாட்டுப்புறத்தில் பாட்டொலியே அடங்கிவிட்டதென வருந்தி எழுதினார். அவருக்கு முன்பே, 1792இல் பெல்பாஸ்ட் நகரில் கூடிய யாழ்க் கலைஞர்களின் இசையை எட்வர்டு பண்டிங் என்னும் பத்தொன்பது வயது இளைஞர் எழுதி வைத்திருந்தார். ஆனால் பண்டிங் அம்மெட்டுகளைப் பியானோவுக்கு ஏற்பத் திருத்தி அச்சிட்டார் என்பது அவர் மீது இன்றளவும் சொல்லப்படும் குறை. எழுதிக் காப்பதும் எழுதித் திரிப்பதும் ஒரே பேனாவால் நிகழக் கூடியவை.

நடன மெட்டுகளைக் காத்த பெருமை, வியப்பாக, சிகாகோ நகரக் காவல்துறைத் தலைவர் ஒருவரைச் சாரும். பிரான்சிஸ் ஓநீல் 1848இல், பஞ்சத்தின் நடுவே, கார்க் மாவட்டத்துத் திராலிபேன் என்னும் சிற்றூரில் பிறந்தார். பதினாறு வயதில் வீட்டை விட்டுக் கப்பலேறினார். பசிபிக் பெருங்கடலில் கப்பல் உடைந்து ஒரு சிறு தீவில் ஒதுங்கினார். மீட்க வந்த கப்பலில் ஹவாய்த் தீவினரே மாலுமிகள், உணவோ தட்டுப்பாடு. அம்மாலுமிகளுள் ஒருவரிடம் ஒரு குழல் இருந்தது. ஓநீல் அதை வாங்கித் தம் நாட்டு மெட்டுகளை வாசிக்க, மகிழ்ந்த அம்மாலுமி தம் உணவில் அவருக்கும் பங்களித்தாராம். பிறர் மெலிந்து கரை சேர, ஓநீல் உடல் தேறிக் கரை சேர்ந்தார்! புலவர்க்குப் பரிசில் நல்கிய மரபில் வந்த நாம் இதை எளிதில் நம்புவோம்.

1873இல் சிகாகோ காவல்துறையில் சேர்ந்த அவர், சிறிது காலத்திலேயே கொள்ளையன் ஒருவனால் சுடப்பட்டார். அக்குண்டு இறுதிவரை அவர் உடலிலேயே இருந்தது. 1901 முதல் 1905 வரை தலைமைப் பதவி வகித்தார். புலம்பெயர்ந்த அயர்லாந்தினர் நிறைந்த அந்நகரில், தாயிடம் கேட்டவை, தோழரிடம் கேட்டவை, தெருவில் கேட்டவை என மெட்டுகளை நினைவில் சேர்த்துக்கொண்டே வந்தார். குழல் வாசிக்கத் தெரிந்த அவருக்குக் குறியீட்டில் எழுதத் தெரியாது. அதே காவல்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஓநீல் என்னும் வயலின் கலைஞர் — பெயர் ஒன்றேயன்றி உறவில்லை — இவர் வாசிக்கக் கேட்டு எழுதினார். 1903இல் வெளிவந்த அத்தொகுப்பில் 1,850 மெட்டுகள். அவற்றுள் இரட்டை ஜிக் மட்டும் 415. சிலிப் ஜிக் 60. 1907இல் நடன மெட்டுகள் 1,001 கொண்ட இரண்டாம் நூல் வந்தது. இசைக்கலைஞரிடையே பெயர் சொல்லாமல் ‘புத்தகம்’ என்றாலே பொருள் விளங்கும் அளவுக்கு அது பரவியது. என் மூன்று திங்களை விழுங்கியதும் அப்புத்தகமே.

இவ்விடத்தில் ஒன்றை இடைப்பிறவரலாகச் சொல்ல விரும்புகிறேன். ஓநீலின் நூல் வெளிவந்த அடுத்த ஆண்டு, 1904இல், எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வெளிவந்தது. கமகங்களைக் காட்டத் தனிக் குறிகளையே அவர் அமைத்தார். ஓநீல் அவ்வாறு முயன்றாரில்லை. சுப்பராமரின் பாட்டனார் பாலுசுவாமி தீட்சிதர், சென்னையில் ஐரோப்பிய ஆசிரியரிடம் வயலின் கற்று அதனை நம் இசைக்குக் கொணர்ந்தவர். அவர் தமையனார் முத்துசுவாமி தீட்சிதர், ஆங்கிலேயர் வாத்தியக் குழுவினர் வாசித்த மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார்; ‘நோட்டு சுரம்’ என்று இன்றும் நம் குழந்தைகள் பாடும் அவற்றுள் அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டார் மெட்டுகளும் உண்டு. அவற்றை நாம் பாடும்போது நம் இயல்புப்படி சுரங்களைச் சமமாக நிறுத்திப் பாடுகிறோம். மெட்டு கடல் கடந்தது, சாய்வு கடக்கவில்லை.

ஓநீலுக்குப் பின் ஒலித்தட்டுகளின் காலம். ஸ்லைகோவில் 1891இல் பிறந்து 1914இல் அமெரிக்கா சென்ற மைக்கேல் கோல்மன் என்னும் வயலின் மேதை, 1920களில் நியூயார்க்கில் பதிந்த தட்டுகள் தாய்நாட்டுக்குத் திரும்பி வந்தன. ஏடு சொல்லாத நீளலும் குறுகலும் முதன்முறையாகப் பெட்டியிலிருந்து ஒலித்தன. இது பெரும் பேறு. ஆனால் பேற்றுக்கு ஒரு விலையும் இருந்தது. சிற்றூர் வயலின்காரர் பலர் கோல்மனைக் கேட்டுத் தம் ஊர் வாசிப்பைத் தாழ்வாகக் கருதி, ஸ்லைகோ நடைக்கு மாறினர். நாட்டிற்குள்ளேயே ஒரு வட்டார வழக்கு மற்றவற்றை விழுங்கத் தலைப்பட்டது.

1935இல் இயற்றப்பட்ட பொது நடனக் கூடச் சட்டம் அதனினும் பெரிய அடி. உரிமம் பெற்ற கூடங்களிலன்றிப் பொது நடனம் கூடாதென்பது சட்டம். வீடுகளிலும் சாலைச் சந்திகளிலும் நிகழ்ந்த ஆட்டங்கள் அச்சட்டத்தாலும், அதனைவிட மிகுதியாகப் பாதிரிமார் கண்டிப்பாலும் ஒடுங்கின. கூடத்து ஆட்டத்திற்கு உரத்து ஒலிக்கும் குழு வேண்டும். சமையலறையில் ஒற்றை வயலினுக்கு இருந்த இடம் அங்கில்லை. கிளேர் மாவட்டத்து ஜூனியர் கிரிஹன் என்னும் வயலின் கலைஞர், வீட்டு நடனம் ஒழிந்ததைத் தம் வாழ்நாள் முழுதும் துயரத்தோடு சொல்லி வந்தார். அவர் இயற்றிய ‘மூடுபனி போர்த்த மலை’ என்னும் ஜிக் இன்றும் எங்கும் வாசிக்கப்படுகிறது.

எனினும் மரபு அறவில்லை. ஏன் அறவில்லை என்பதற்கு மூவரைச் சொல்லி அமைகிறேன்.

முதலாமவர் போட்ரிக் ஓகீஃப் (1887–1963). கார்க், கெர்ரி எல்லையிலுள்ள ஸ்லீவ் லூக்ரா என்னும் மலைப்பாங்கான பகுதியைச் சேர்ந்தவர். பள்ளித் தலைமையாசிரியராக இருந்து, அப்பணியை இழந்து, வீடு வீடாக நடந்து சென்று வயலின் கற்பித்து வாழ்ந்தார். மேனாட்டுக் குறியீடு அறியாத உழவர் பிள்ளைகளுக்காக அவர் தாமே ஒரு குறியீடு கண்டார். நான்கு இடைவெளிகள் நான்கு தந்திகள். அவற்றில் எழுதும் எண்கள் விரல்கள். வில்லை எங்கே இழைக்க வேண்டும் என்பதையும் குறித்துத் தருவார். அந்தத் தாளை மாணவரிடம் விட்டுச் செல்வார். ஆயின் தாமே வாசித்துக் காட்டிய பிறகே செல்வார். தாள் நினைவூட்டுவதற்கு, கற்பிப்பதற்கு அன்று. டெனிஸ் மர்ஃபி, ஜூலியா கிளிஃபர்டு என்னும் உடன்பிறந்தார் அவர்தம் புகழ்பெற்ற மாணவர்.

இரண்டாமவர் ஜானி டோரன். பரம்பரைக் குழலிசைக் குடும்பத்தில் பிறந்து, குதிரை வண்டியில் ஊர் ஊராகத் திரிந்து சந்தைகளில் வாசித்தவர். அவர் வாசித்த ‘இல்லன்’ பைப் என்னும் கருவி முழங்கையால் துருத்தியை அழுத்தி ஒலிக்கச் செய்வது. நாகசுரத்திற்கு ஒத்து போல அதனுள்ளேயே இடைவிடாத ஆதார சுருதி உண்டு. 1947இல் ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையத்தைச் சேர்ந்த கெவின் டானஹர் அவரது வாசிப்பைத் தட்டுகளில் பதிந்தார். சில திங்களில், டப்ளின் நகரில் அவர் வண்டியின் மேல் சுவர் இடிந்து விழுந்தது. மீளாமலே 1950இல் மறைந்தார். அப்பதிவில் ‘கோப்பர்ஸ் அண்டு பிராஸ்’ முதலிய ஜிக்குகள் உள்ளன. சில திங்கள் தாழ்த்திருந்தால் அவையும் இல்லை.

மூன்றாமவரைப் பற்றி எழுதும்போது எனக்குச் சிறிது பக்கச்சார்பு உண்டென்பதை ஒப்புக்கொள்கிறேன். பிரெண்டான் பிரானக் (1912–1985) டப்ளினில் வேளாண் துறை அலுவலகத்தில் பணிபுரிந்த அரசு ஊழியர். பகலில் கோப்பு, மாலையில் குழல். அவரே இல்லன் பைப் கலைஞர். மெட்டுகளைச் சேர்க்கத் தொடங்கியபோது ஓர் அலுவலருக்கே தோன்றக் கூடிய இடர் அவர் முன் நின்றது. ஒரே மெட்டு ஊருக்கு ஒரு பெயரில் வழங்கும். ஒரே பெயர் வெவ்வேறு மெட்டுகளுக்கும் வழங்கும். பெயரை நம்பி அட்டவணை செய்தால் குழப்பமே மிஞ்சும். அவர் ஒவ்வொரு மெட்டின் தொடக்கச் சுரங்களையும் எண்களாக மாற்றி, அட்டைகளில் எழுதி, எண்வரிசைப்படி அடுக்கினார். புதிதாக ஒரு மெட்டு வந்தால் அதன் எண்ணைப் பார்த்து, முன்பே உள்ளதா என்று நொடியில் காணலாம். எண்ணில்லாத கோப்பு இல்லாத கோப்பே என்று பழகிய எங்களைப் போன்றோர்க்கு இதன் அருமை தெரியும்.

1963இல் அவர் வெளியிட்ட ‘அயர்லாந்தின் நடன இசை’ என்னும் பொருள்படும் ஐரிஷ் மொழித் தொகுப்பு, ஓநீலின் நூலைப் போலன்றிக் கலைஞர்கள் வாசித்தபடியே அணிகளையும் குறித்தது. ‘ரோல்’ என்னும் அணியில் நீண்ட ஒரு சுரம், மேற்சுரத்தையும் கீழ்ச்சுரத்தையும் தொட்டு மூன்று முறை ஒலித்து, ‘தனன’ என்னும் ஓர் அடியை நிரப்பும். அதற்கு அவர் குறி தந்தார். சாய்வுக்கு மட்டும் குறி தரவில்லை. குறியீடு வாசிப்பின் வெறும் கூடு என்பதே அவர் கொண்ட கருத்து. ஆகவேதான் நூலோடு நில்லாமல், 1968இல் குழலிசையாளர் சங்கம் தோன்றுவதற்கு முன்னின்று உழைத்தார். அருகிப்போன அக்கருவியின் இசையை 2017இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. அவர் மறைந்த இரண்டாண்டில், 1987இல், டப்ளினில் ஐரிஷ் மரபிசை ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது.

இனி என் வினாவுக்கு வருகிறேன். கிளேர் மாவட்டத்தில் காரட் பாரி என்னும் பார்வையற்ற குழலிசையாளர் இருந்தார், 1899இல் மறைந்தார். அவர் குரலோ குழலோ எந்த உருளையிலும் தட்டிலும் பதியப்படவில்லை. அவர் இசையைக் கேட்டு நெஞ்சில் நிறுத்தியவர் கில்பர்ட் கிளான்சி. கில்பர்ட்டின் மகன் வில்லி கிளான்சி 1918இல் பிறந்தார். பாரியை அவர் பார்த்ததே இல்லை. தந்தை வழியாகப் பாரியின் மெட்டுகளைப் பெற்று, பின் ஜானி டோரன் வாசிக்கக் கேட்டு இல்லன் பைப்பின் மேல் காதல் கொண்டு, தம் தலைமுறையின் தலைசிறந்த கலைஞருள் ஒருவரானார். ‘காரட் பாரியின் ஜிக்’ என்னும் மெட்டு இன்று உலகெங்கும் வாசிக்கப்படுவது இந்தச் செவிவழிச் சங்கிலியால். 1973 சனவரியில் வில்லி மறைந்தார். அவ்வாண்டு சூலைத் திங்களிலேயே அவருடைய ஊரான மில்டவுன் மால்பேயில் அவர் பெயரால் கோடைப் பள்ளி தொடங்கப்பட்டது. ஆண்டுதோறும் சூலையில் பல நாட்டு மாணவர் அச்சிற்றூரில் கூடுகின்றனர். ஆசிரியர் ஒரு சிறு தொடரை வாசிப்பார். மாணவர் திரும்ப வாசிப்பர். வந்தபின் அடுத்த தொடர்.

நானும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அந்த முறையில் ‘காரட் பாரியின் ஜிக்’ மெட்டை ஒலிப்பதிவிலிருந்து தொடர் தொடராகக் கேட்கத் தொடங்கினேன். முதல் பத்து நாள் குழலைத் தொடவில்லை. வலக்கால் தரையைத் தட்ட, வாயால் ‘தனன தனன’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் தகரத்தை அளபெடுத்ததுபோல் சற்றே நீட்டி, அடுத்த னகரத்தைக் குற்றியலுகரம் போல் சுருக்கி. வீட்டில் உள்ளவர்கள் ஏதோ மந்திரம் என்று முதலில் எண்ணினர், பின்னர்க் கவலைப்பட்டனர். பதினோராம் நாள் குழலை எடுத்தபோது விரல்கள் நாவின் பின்னால் நடந்தன. முதற்பகுதி இப்போது ஏறத்தாழ வந்துவிட்டது. என் இளைய மகள் அதைக் கேட்டுத் தன்னையறியாமல் காலால் தாளமிட்டாள். இரண்டாம் பகுதியில், ஐந்தாம் ஆவர்த்தத்தில் மட்டும், இன்னும் தட்டச்சுப் பொறியின் ஓசை கேட்கிறது.